வீட்டுக்குள் ஓர் அனானி

போன வாரம் பெரியவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, விரலை மவுஸின் மேல் வைத்தபடியே விட்டுவிட்டு வந்தோம். அழுத்துவாளா மாட்டாளா என்று வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர்களைக் காக்கவைப்பானேன். அழுத்திவிட்டாள்.

அழுத்திய கையோடு கம்ப்யூட்டரை அணைத்தாள். முகம் கழுவிக்கொண்டாள். உள் அறையில் கொழுந்தன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். புருஷன் சாப்பிட வந்துவிடப் போகிறாரே என்று கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்திவிட்டு, காலையிலேயே போய்விட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த சிநேகிதி வீட்டுக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தாள்.

அந்த வீட்டில் அண்ணன் தம்பி இருவர் குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. அண்ணன் லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர். தம்பி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் சாயங்காலம்வரை வீட்டில்தான். அண்ணன் மனைவி நம் பெரியவள், மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறாள். தம்பி மனைவி சின்னவள், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். கூடத்து மூலையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பழைய கம்ப்யூட்டர்.

வலைப்பூ ஆரம்பித்தது முதலில் பெரியவள்தான். இதை வாய்விட்டு யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. மனசுக்குள் தினமும் சொல்லிக்கொண்டாள்.

'அகவிழிச் சாரல்' என்று பெயர் வைத்தாள். தனிமையைப் பற்றி, காலத்தைப் பற்றி, மனித மனத்தின் ஆழங்களைப் பற்றி எழுதினாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் நாலு தடவை திருத்தினாள். பக்கத்தின் ஓரத்தில் எத்தனை பேர் வந்து போனார்கள் என்று காட்டும் ஒரு சின்னப் பெட்டியும் வைத்தாள். எண் மளமளவென்று ஏறியது. ஊரே தன்னைப் படிக்கிறது என்ற பூரிப்பில் சில நாள் தரையில் கால் பாவாமல் நடந்தாள். அப்புறம்தான் தெரிந்தது, யாராவது வந்தார்களா என்று பார்க்க அவள் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டி அவளையே எண்ணிக்கொண்டிருந்த விஷயம்.

முதல் பின்னூட்டம் வந்த அன்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து திறந்தாள். முடி கொட்டுகிறதா, எங்கள் தளத்துக்கு வாருங்கள் என்றிருந்தது.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சின்னவள் ஒரு நாள், தானும் ஒன்று ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டாள். பெரியவள் பெருந்தன்மையாக, அதற்கென்ன என்றாள். வந்த நாளிலிருந்து மளிகைச் சீட்டைக்கூடப் பிழையில்லாமல் எழுதாதவள் என்ன எழுதிவிடப் போகிறாள் என்ற தைரியம்.

சின்னவளின் வலைப்பூவுக்குப் பெயர் 'கொஞ்சம் லைன்ல இருங்க'. ஆஸ்பத்திரிக்கு வரும் போன்களைப் பற்றி, பேசுகிற மாதிரியே எழுதினாள். டாக்டரின் மனைவி என்று சொல்லி ஒரே நாளில் இரண்டு குரல்கள் அழைத்த கதை. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று கேட்டவர், சாப்பாடே இல்லை என்றால் எப்போது போடுவது என்று கேட்ட கதை. ஒரு பத்திக்கு ஏழு பிழை. ஆனால் ஆட்கள் வந்தார்கள். 'ஸ்டெப்னி' என்று ஒருவர், 'பக்கத்து பெஞ்ச்' என்று ஒருத்தி, 'உப்பில்லாதவன்' என்று ஒருவர். பதிவு போட்ட சூட்டோடு, நான்தான் முதல்ல, இல்லை நான்தான் முதல்ல என்று பின்னூட்டத்தில் அடித்துக்கொண்டார்கள்.

பெரியவளின் புருஷன் காலை டீயோடு சின்னவளின் பதிவைச் சத்தமாகப் படித்துச் சிரிக்க ஆரம்பித்தார். அதுதான் அவளைத் தின்றது. அவருடைய வாயிலிருந்து 'அகவிழிச் சாரல்' என்ற சொல் ஒரு நாளும் வந்ததில்லை. ஒரு தடவை அவளே கேட்டதற்கு, நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் நீளம் என்றார். முதல் வரியைத் தாண்டியிருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு அந்தப் பதிவு வந்தது. தினமும் சாயங்காலம் ஒரு பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, இன்ன வார்டில் இருக்கும் தன் மனைவியிடம் கொடுக்கச் சொல்கிறார். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. மகன்கள் எத்தனை சொல்லியும் அவர் மனசில் நிற்கவில்லை. சின்னவள் தினமும், லைன் பிஸியா இருக்கு ஐயா, நாளைக்குப் பண்ணுங்க என்கிறாள். சரிம்மா, அவளுக்குப் பேச்சுக்கு ஆள் கிடைச்சா விடமாட்டா என்று சொல்லி அவர் வைத்துவிடுகிறார்.

இவ்வளவுதான் பதிவு. படித்தவர்கள் எல்லாம் அழுதார்கள். வலைப்பூக்களைத் தொகுத்துக் காட்டும் திரட்டியில் அது மேலே போய் உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. பெரியவளின் புருஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பெரியவளும் அதை மறுபடி மறுபடி படித்தாள். அதுதான் பொறுக்கவில்லை. பெயர் போடாமல் அவள் அனுப்பிய பின்னூட்டம் இது:

'இவ்வளவும் உங்கள் சரக்குதானா, அல்லது யாராவது எழுதித் தருகிறார்களா? செத்தவர் வீட்டுப் போனை விற்றுக் கைதட்டல் வாங்குவதும் ஒரு பிழைப்பா? நோயாளிகள் வீட்டுக் கதைகளை நீங்கள் இப்படிக் கடைவிரிப்பது உங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குத் தெரியுமா?'

கடைசி வாக்கியத்தை அவள் நினைத்து எழுதவில்லை. முதல் இரண்டையும் எழுதிய வேகத்தில் அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை பதிவர்களின் சந்திப்பு. இதுவரை எழுத்தாக மட்டும் பார்த்துக்கொண்டவர்கள் முகத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு பள்ளிக்கூட ஹாலைப் பேசி வைத்திருந்தார்கள். நீங்க வராம நான் போகமாட்டேன் என்று சின்னவள் பிடிவாதம் பிடித்ததால் பெரியவளும் கிளம்பினாள். இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். ஒருவேளை தன்னைப் பேசச் சொன்னால் சொல்வதற்கு நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தாள்.

பஸ்ஸில் சின்னவளுக்கு முகம் தெளியவில்லை. அந்தப் பின்னூட்டம் வந்ததிலிருந்தே அப்படித்தான். சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் மேலதிகாரி சாதாரணமாகக் கூப்பிட்டாலும் வேலை போய்விட்டதோ என்று தோன்றுகிறது என்றாள். அனானிகள் அப்படித்தான் இருப்பார்கள், பெயரில்லாதவன் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று பெரியவள் ஆறுதல் சொன்னாள். தன் குரல் அவ்வளவு இயல்பாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஹாலில் குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகள். முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தவர்களில் யார் எந்தப் பெயர் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் விளையாட்டு. 'ஸ்டெப்னி' வங்கியில் காசாளராம். எழுத்தில் வாள் வீசும் 'உப்பில்லாதவன்' நேரில் பேச வாய் வராமல் பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். 'பக்கத்து பெஞ்ச்' தையல் கடை வைத்திருக்கும் பெண்மணி. சின்னவளைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டது. பெரியவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

நிற்க நிற்க அவளுக்கு ஒன்று புரிந்தது. இவர்கள் ஒருவரை ஒருவர் படிப்பவர்கள் மட்டுமில்லை. தையல்காரியின் மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று வங்கிக்காரருக்குத் தெரிந்திருந்தது. பிஸ்கட்காரரின் வேலை போனது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சின்னவள் இவர்கள் ஒவ்வொருவர் பக்கத்துக்கும் போயிருக்கிறாள், படித்திருக்கிறாள், நாலு வார்த்தை விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். பெரியவளோ தன் வீட்டு விளக்கைப் போட்டுவிட்டு, வாசலில் யாரும் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தவள். யார் வீட்டுக்கும் ஒரு எட்டுப் போய் எட்டிப் பார்த்ததில்லை.

புரிந்ததே தவிர ஆறவில்லை. இவளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள், எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

அப்போது தையல்காரி அவளிடம் வந்து, நீங்கதானே 'அகவிழிச் சாரல்' என்றாள். பெரியவளுக்குக் காது குளிர்ந்தது. தயாராக வைத்திருந்த நாலு வாக்கியத்தில் முதலாவதை எடுக்கப்போனாள்.

"உங்க ஓரகத்தி எங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க," என்றாள் தையல்காரி. "எங்கக்கா எழுத்துக்கு முன்னாடி நான் ஒண்ணுமே இல்லை, தயவு செய்து போய்ப் படிங்கன்னு. அவங்களுக்காகவே நாங்க அப்பப்ப வந்து எட்டிப் பார்க்கிறது."

கொஞ்ச நாளாகத் தனக்கென்று வர ஆரம்பித்திருந்த அந்த ஒன்றிரண்டு பின்னூட்டங்கள் ஒவ்வொன்றும் பெரியவளின் கண் முன்னால் வந்து நின்றன. 'ஆழமான எழுத்து.' 'தொடருங்கள்.' வரி மனப்பாடமாகும் அளவுக்குப் படித்தவை. எல்லாம் சின்னவள் சிபாரிசில் வந்தவை. யாரோ செய்த உபகாரத்தில் சாப்பிட்டு எழுந்த மாதிரி இருந்தது அவளுக்கு. நன்றி தோன்றவேண்டிய இடத்தில் வெறுப்புதான் தோன்றியது. என்னைத் தூக்கிவிட இவள் யார்?

*

தேநீர் வேளையில் 'பல்சக்கரம்' என்று எழுதும் இளைஞர் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். சின்னவளின் வலைப்பூவில், வந்து போகிறவர்கள் எந்த இணைப்பிலிருந்து வருகிறார்கள் என்று பதிந்து வைக்கும் வசதியைச் செய்து கொடுத்தவர் அவர்தான். சின்னவள் பெரியவளின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அவர் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். அனானி யாரென்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தீர்களே, பார்த்தேன், சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன் என்றார். பெரியவளின் கையிலிருந்த காகிதக் கப் நசுங்கி, சூடான தேநீர் விரலில் வழிந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"நீங்க பதிவு போடற இணைப்பும் அந்தப் பின்னூட்டம் வந்த இணைப்பும் ஒண்ணுதாங்க," என்றார். "வெளியாள் இல்லை. உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்லேர்ந்தே வந்திருக்கு."

சின்னவள் சிரித்தாள். தப்பாகப் பார்த்திருப்பீர்கள் என்றாள். அவர் நாளையும் நேரத்தையும் சொன்னார். வாரநாள், மத்தியான வேளை. சின்னவள் ஆஸ்பத்திரியில் தலையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்த நேரம்.

அவள் முகத்தில் கணக்கு ஓடுவதைப் பெரியவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றைக்குக் கண்ணாடிக் கடைக்கு வார விடுமுறை. ஆனால் அக்கா காலையிலேயே சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். அப்படித்தான் சொல்லியிருந்தாள். மத்தியானத்தில் வீட்டில் இருப்பவர் ஒரே ஒருவர்.

"அவருக்கு நான் எழுதறது பிடிக்கலையாக்கா?" என்றாள் சின்னவள்.

பெரியவள், வா வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னாள்.

*

கொழுந்தன் கூடத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தான். அதிகம் பேசாதவன். ஒரு பஸ் நிறைய பிள்ளைகளின் கூச்சலைத் தினமும் கேட்டுக் கேட்டு, வீட்டில் அமைதியாக இருந்தால் போதும் என்று வாழ்கிறவன்.

சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே கேட்டாள். அந்தப் பின்னூட்டம் இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து போயிருக்கிறது, அந்த நேரத்தில் இங்கே இருந்தது நீங்கள் மட்டும்தான் என்றாள். அவளுக்குக் குரல் உயரவே இல்லை. தினமும் தெரியாதவர்களோடு பேசும் அந்த ஆபரேட்டர் குரலில் கட்டின புருஷனிடம் பேசினாள்.

அவன் ஊசியைத் துணியில் குத்தி வைத்தான். நிமிர்ந்து பார்த்தான், மனைவியை இல்லை, அவளுக்குப் பின்னால் கதவோரம் நின்ற அண்ணியை. ஒரு கணம்தான். அந்தப் பார்வையில் பெரியவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்குக் குறட்டை எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

இப்போது சொல்லப்போகிறான் என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா," என்றான் அவன். "நான்தான்."

சின்னவள் ஏன் என்று கேட்டாள். ஏதோ எரிச்சல், எந்நேரமும் அந்தப் பெட்டி முன்னாடியே உட்கார்ந்திருக்கிறாயே என்று தோன்றியது என்று அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். கெட்டிக்காரப் பொய்யன் இல்லை அவன். வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் என் வேலை போயிடும்னு உங்களுக்குத் தோணலையா என்று அவள் கேட்டதற்கு, குத்தி வைத்த ஊசியை மறுபடி கையில் எடுத்தான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெரியவள் அவனருகில் போனாள். ஏன் தம்பி என்று கேட்டாள்.

"என் மேல கோபம்னா நாலு நாள்ல போயிடும் அண்ணி," என்றான் அவன், பித்தானைப் பார்த்துக்கொண்டே. "உங்க மேலன்னு தெரிஞ்சா இந்த வீடு ரெண்டாயிடும். அவ உங்களைப் பத்தி என்ன நினைச்சிட்டிருக்கான்னு உங்களுக்குத் தெரியாது."

அவன் சட்டையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். பெரியவள் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். வெட்கப்படவேண்டிய நேரம் அது, வெட்கப்பட்டாள். ஆனால் அதற்கு அடியில், அடுப்பு அணைந்த பிறகும் சட்டியில் மிச்சமிருக்கும் சூடு மாதிரி, பழைய எரிச்சலே இருந்தது. செய்யாத குற்றத்தைத் தலையில் வாங்கிக்கொள்ள சின்னவளுக்கு ஒருவன் இருக்கிறான். வீடு உடையக்கூடாதென்று அவன் சொன்னாலும், உடைந்தால் அவள் மனசு என்னவாகும் என்றுதான் அவன் பயந்தான். எனக்கு யார் இருக்கிறார்? நான் எழுதியதில் ஒரு பக்கம் முழுசாகப் படிக்க ஆள் இல்லை.

*

பொழுது சாயும் நேரத்தில் சின்னவள் வெளியே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தாள். வலைப்பூவையே எடுத்துவிடப் போகிறாள் என்று நினைத்து, பெரியவள் பின்னால் வந்து நின்றாள். தடுக்கவா, பார்க்கவா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

சின்னவள் அதை எடுக்கவில்லை. அந்தப் பின்னூட்டத்தைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக மறுபடியும் படித்தாள்.

"அவர் இல்லைக்கா," என்றாள் திரும்பாமல். "அவருக்குத் தமிழ்ல டைப் அடிக்க வராது. எனக்கு மெசேஜ் அனுப்பினாக்கூட இங்கிலீஷ் எழுத்துலதான் அனுப்புவார். இதுல ஒரு பிழை இல்லை பாருங்க."

பெரியவள் குனிந்து பார்ப்பதுபோல் பார்த்தாள்.

சின்னவள் தானாகவே பேசிக்கொண்டு போனாள். அப்படியானால் அவர் யாரையோ காப்பாற்றத்தான் பொய் சொல்கிறார். அவர் யாருக்காகப் பொய் சொல்வார்? அண்ணனுக்காக, நம்ம மாமாவுக்காகத்தான். அன்றைக்கு மத்தியானம் மாமா சாப்பிட வீட்டுக்கு வந்துவிட்டுப் போனதாக ராத்திரி சொல்லவில்லையா? நம் இரண்டு பேருக்கும் தமிழில் டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்ததே மாமாதான். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கியது. காலையில் அவ்வளவு சந்தோஷமாகப் படிப்பாரே என்று சொன்னபோது உடைந்தது.

பிறகு அவளே சமாதானமும் கண்டுபிடித்தாள்.

"ஒருவேளை உங்களுக்காக இருக்கும்க்கா. உங்க பதிவுக்கு யாரும் வரலைன்னு அவருக்கு உள்ளுக்குள்ள வருத்தம் இருந்திருக்கும். அப்படின்னா எனக்குக் கோபம்கூட இல்லை."

அப்படி ஒரு வருத்தம் அவருக்கு இருந்திருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன் என்று பெரியவளின் மனசு கத்தியது. எவ்வளவு அழகான பொய் அது. தனக்காக ஒரு மனுஷன் பொறாமைப்பட்டு, பெயரை மறைத்துக்கொண்டு, இன்னொருத்தியைத் திட்டுவது. நிஜமாகவே அவர் எழுதியிருக்கக் கூடாதா என்று ஒரு நொடி ஏங்கினாள்.

மறு நொடி தெளிந்தாள். போதும் என்று தோன்றியது. இவள் அழுத அழுகை போதும், கொழுந்தன் பட்ட அவமானம் போதும். சொல்லிவிடலாம். கையைச் சின்னவளின் தோளில் வைத்தாள். வாயையும் திறந்தாள்.

வாசல் மணி அடித்தது.

பெரியவள் போய்க் கதவைத் திறந்தாள். லிஃப்ட் எண்ணெய் படிந்த கையோடு புருஷன் நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் எங்கேயோ யாரோ சிக்கிக்கொண்டு, அவரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அவளுடைய நல்ல புடவையை அவர் பார்க்கவில்லை. ஷூவைக் கழற்றக் குனிந்தபடியே கேட்டார்.

"மீட்டிங் எப்படி? நம்ம சின்னவளைப் பத்தி என்னல்லாம் சொன்னாங்க?"

பெரியவளின் வாயில் தயாராக இருந்த அந்த ஒரு வார்த்தை உள்ளே போய்விட்டது.

"அவளே சொல்லுவா," என்றாள். "உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்."

சொல்லிவிட்டு, அவர் உள்ளே போக வழிவிட்டு விலகி நின்றாள்.